எண்ணெய்க் கசிவு: பங்காளியாகவும் கண்காணிப்பாளராகவும் அரசே இருந்தால் யாரைக் கேட்பது?

எண்ணூர்வாசி:
2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். எண்ணெய் எடுக்கும் இடங்களிலேயே வாழ்பவர்களின் நிலையை அறிய நைஜீரியாவின் நைஜர் டெல்டாவைப் பற்றிப் படித்து வருகிறேன். அங்கு நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பா, அனுமதி கொடுத்த அரசு பொறுப்பா?

அடையாற்றுக்காரர்:
இரண்டையும் அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது. பன்னாட்டு எண்ணெய் நிறுவனமான ஷெல் அங்கு நடத்திவந்த கூட்டு முயற்சியில் நைஜீரிய அரசின் எண்ணெய்க் கழகத்துக்கு 55 விழுக்காடும் ஷெல்லுக்கு 30 விழுக்காடும் பங்கு இருந்தன. அதாவது, தண்டிக்க வேண்டியவரே பெரிய பங்காளி. நைஜர் டெல்டாவில் உள்ள ஒகோனி பகுதியைப் பற்றி ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் ஊரின் கிணற்று நீரில், புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கும் அதிகமாக இருந்ததாகக் கூறியது. கசிவைக் கண்காணிக்கும் அரசு அமைப்போ, ஆய்வுக்குச் சென்றுவரும் ஏற்பாடுகளுக்குக்கூட எண்ணெய் நிறுவனங்களையே நம்பியிருந்ததாம். பிறகு அறிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் படிப்பவள், தரமணி:
நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள் என்பதுதான். 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், நாசவேலை என்றால் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்று கூறி, நைஜர் டெல்டாவின் ஒருமா, கோய் ஊர்களில் நேர்ந்த கசிவுகளுக்கு ஷெல்லின் நைஜீரியக் கிளையைப் பொறுப்பாக்கியது. வழக்குத் தொடுத்தது 2008இல் என்பதையும் மறந்துவிட வேண்டாம். நம் நாட்டில், டெல்லி ஆலை ஒன்றில் நேர்ந்த ஓலியம் (அடர் கந்தக அமில) வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாட்டின்படி, ஆபத்தான தொழில் செய்பவர் தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 17ஆம் பிரிவும், தவறு இல்லாவிட்டாலும் விபத்துக்கு இழப்பீடு உண்டு என்கிறது.

எண்ணூர்வாசி:
2020இல் அசாமின் பாக்ஜானில் எரிவாயுக் கிணறு வெடித்து மாதக்கணக்கில் எரிந்ததே, அதை நடத்திய ஆயில் இந்தியா நிறுவனமும் பொதுத்துறைதானே? அப்படியானால் இழப்பீடு மக்களின் வரிப்பணத்திலிருந்துதானே போகும்?

சட்டம் படிப்பவள், தரமணி:
ஓரளவுக்கு அப்படித்தான். ஆகவேதான் பணத்தைவிட உத்தரவைப் பெரிதாக நினைக்கிறேன். ஒருமா குழாயில் கசிவறியும் கருவியைப் பொருத்த வேண்டும் என்றும் அதே ஹேக் தீர்ப்பு கட்டளையிட்டது.