ரெண்டு நெட்வொர்க் லேப்: ரவுட்டர் வரைக்கும் பிங் போகுது, அதுக்கு மேல போகல

வர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல வர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டுற சாஃப்ட்வேர்) லேப் போட்டிருக்கேன், கிளையண்ட் 192.168.10.0/24-ல, வெப் சர்வர் ரெண்டு 192.168.20.0/24-ல, நடுவுல லினக்ஸ் விஎம் தான் ரவுட்டர். கிளையண்ட்ல இருந்து ரவுட்டரோட ரெண்டு ஐபிக்கும் பிங் (பதில் வருதான்னு பாக்குற டெஸ்ட்) போகுது ஆனா சர்வருக்கு போகல, ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1: ரவுட்டர் தன் சொந்த ஐபிக்கு பதில் சொல்றத வச்சு ரவுட்டிங் நடக்குதுன்னு நம்பிடாதீங்க, எல்லாரும் விழுற குழி இது. ஐபி ஃபார்வர்டிங் (ஒரு நெட்வொர்க்ல இருந்து வர்ற பாக்கெட்ட இன்னொன்னுக்கு அனுப்ப விடுற லினக்ஸ் செட்டிங்) 0-ல இருக்கும், 1 ஆக்குங்க.

கேட்டவர்: ஆக்கிட்டேன். இப்ப சர்வர்ல டிசிபிடம்ப் (வர்ற போற பாக்கெட்ட காட்டுற டூல்) போட்டா ரிக்வஸ்ட் வந்து சேருது, ரிப்ளை தான் கிளையண்டுக்கு வரல.

பதில் 2: சர்வர்ல இன்டர்நெட்டுக்குன்னு இன்னொரு நாட் (NAT) அடாப்டர் வச்சிருக்கீங்களா? டிஃபால்ட் ரூட் (வேற வழி சொல்லாத ஐபிக்கெல்லாம் போற பாதை) அது வழியா இருந்தா ரிப்ளை அந்தப் பக்கம் ஓடிடும். சர்வர்ல 192.168.10.0/24 நெட்வொர்க்குக்கு ரவுட்டர் வழியா ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமளே எழுதி வைக்கிற பாதை) போடுங்க.

கேட்டவர்: அதே தான் பாஸ், வந்துடுச்சு! லோட் பேலன்சிங்குக்கு (ரெண்டு சர்வருக்கும் வேலைய பிரிச்சு விட) டிஎன்எஸ்ல ஒரே பேருக்கு ரெண்டு ஏ ரெக்கார்டு (பேருக்கு ஐபி சொல்ற பதிவு) போதுமா?

பதில் 1: ஒரு சர்வர ஆஃப் பண்ணிட்டு பாருங்க. டிஎன்எஸ்க்கு அது செத்தது தெரியாது, அந்த ஐபியையும் குடுத்துட்டே இருக்கும். ஹெச்ஏபிராக்ஸி (லோட் பேலன்சர் சாஃப்ட்வேர்) ஒரு விஎம்ல போட்டு ஹெல்த் செக் (சர்வர் உயிரோட இருக்கான்னு பாக்குறது) ஆன் பண்ணி, பேர அதோட ஐபிக்கு மாத்துங்க. டிடிஎல்ல (டிஎன்எஸ் பதில எவ்வளவு நேரம் கேஷ்ல வச்சுக்கலாம்ங்கற அளவு) முன்னாடியே 30 செகண்டா குறைச்சு, பழைய டிடிஎல் நேரம் முடிஞ்சதும் மாத்துங்க, இல்லன்னா பழைய ஐபி கேஷ்ல உக்காந்திருக்கும்.