ஆல்கனோட ஒத்த பியானோ கான்செர்ட்டோ: எந்த ரெக்கார்டிங் கேக்குறது? எனக்கு வெறும் எரைச்சலாத்தான் கேக்குது

தங்கச்சிமடம்_கீபோர்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்துல கோயில் கொயருக்கு கீபோர்டு வாசிக்கிறவன், மத்த நாள்ல போட்டுக்கு போறதுதான் பொழப்பு. இப்ப தடைக்காலம், 61 நாளும் போட்டு கரையிலதான் கெடக்கு, வலை வேலை போக மிச்ச நேரம் போன்ல எதையாச்சும் கேட்டுக்கிட்டு கெடப்பேன். அப்படி மாட்டுனவருதான் ஆல்கன். பியானோவுக்கு மியூசிக் எழுதுன பாரீஸ்காரரு, 1813-ல பொறந்து 1888-ல செத்தவரு, ஷோப்பின்னு இன்னொரு பெரிய பியானோ இசையமைப்பாளரு, அவருக்கு பக்கத்து வீட்டுல இருந்தவராம். அவரு 1857-ல போட்ட ஓபஸ் 39-ல (ஓபஸ்னா படைப்பு நம்பரு) 8, 9, 10 மூணும் சேந்து ஒரு கான்செர்ட்டோவாம், அப்படின்னா தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிறது, ஆனா இதுல ஆர்கெஸ்ட்ராவே கெடையாது, பியானோ ஒண்ணுதான். சரி கேப்போம்னு போட்டா மொத பாகமே அரை மணி நேரம் ஓடுது, பத்து நிமிசத்துக்கு மேல தகரக் கூரைல மழை கொட்டுற மாதிரி சத்தந்தான், ஒண்ணும் பிடிபடல.

கோளாறு ரெக்கார்டிங்லயா, என் காதுலயா, இல்ல அந்தாளு சும்மா வெரல் வித்தைதான் காட்டுறாரா? அப்புறம் என்னைய மாதிரி ஆளு வாசிக்கிற மாதிரி அவரோடது ஏதாச்சும் இருக்கா? சிரிக்காதீங்க. என்கிட்ட இருக்கது 61 கட்டை கீபோர்டு, உப்புக்காத்து பட்டு அதுலயும் நடு ஃபா குத்துற மாதிரி அமுக்குனாத்தான் பேசும்.

மண்டபம்_பெருசு:
தம்பி வித்தைதான், சந்தேகமே வேணாம். எனக்கு ரெண்டு தடவ கேட்டும் மண்டைதான் வலிச்சுச்சு. ஷோப்பினோட நாக்டர்ன், ராத்திரிப் பாட்டு மாதிரி சின்ன சின்ன பியானோ துண்டு, அதுல நாலு கேளுங்க, மனசு லேசாகும்.

கீழக்கரை_காக்கா:
பெருசு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். நானும் மொத வருசம் அப்படித்தான் நெனச்சேன், துபாய்ல ராத்திரி டியூட்டில இத விட்டா வேற தொணை இல்லங்கிறதால திரும்பத் திரும்ப கேட்டு கேட்டுத்தான் வழி தெரிஞ்சுச்சு. தம்பி, நீங்க கொயர்ல இருக்கீங்கல்ல, அதையே வச்சு சொல்றேன். பல்லவிய எல்லாரும் சேந்து பாடுவாங்க, சரணத்த ஒருத்தர் பாடுவாரு. இங்க ஒரே ஆளு ரெண்டையும் பாடணும், அம்புட்டுத்தான் சங்கதி. ஆல்கனே நோட்ஸ்ல எங்க ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஒலிக்கணுமோ அங்க டுட்டின்னும், பியானோக்காரர் தனியா நொழையிற எடத்துல சோலோன்னும் எழுதி வச்சிருக்காரு. ஐஎம்எஸ்எல்பின்னு ஒரு வெப்சைட்டுல நோட்ஸ் சும்மாவே கெடைக்கும், எறக்கி கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு கேளுங்க. அந்த மொத பாகம் மட்டும் நோட்ஸ்ல 1300 பாரை (தாளக் கட்டத்த) தாண்டுது, நோட்ஸ் இல்லாம உள்ள போனா கரை தெரியாத கடல்தான்.

ரெக்கார்டிங்னா என் ஓட்டு மார்க்-ஆந்த்ரே ஹாம்லினுக்கு. கனடாக்காரரு, இத ரெண்டு தடவ பதிஞ்சிருக்காரு, ரெண்டாவது 2007-ல ஹைபீரியன் லேபிள்ல வந்தது, அதத்தான் கேக்கணும். எம்புட்டு வேகத்துலயும் உள்குரல், அதான் நடுவுல ஓடுற மெட்டு, ஒண்ணு கூட முங்கிப் போகாது. முன்னெல்லாம் ஹைபீரியன் காசு குடுத்து வாங்குனாத்தான் உண்டு, 2023-ல இருந்து ஸ்ட்ரீமிங்லயே வந்துருச்சு. மொதல்ல ரெண்டாவது பாகத்த கேளுங்க, அடாஜியோ, மெதுவாத்தான் போவும், ஆளு எப்படிப்பட்டவருன்னு அங்க தெரிஞ்சுரும்.

வாசிக்கிறதுக்கு: ஓபஸ் 31-ல 25 பிரெலூட் (சின்ன சின்ன பியானோ துண்டு) இருக்கு, அதுல எட்டாவது. அதோட பேரே கடக்கரையில பைத்தியக்காரி பாடுற பாட்டு. எடது கை அடியில பல சுரத்த ஒண்ணா அமுக்கி கனத்த கார்டு கார்டா போட்டுக்கிட்டே இருக்கும், வலது கை எங்கயோ மேல ஒத்தையா பாடும், நடுவுல ஒண்ணுமே இருக்காது. வேகம் கம்மிதான், ஆனா ஸ்கேல் ஏ ஃப்ளாட் மைனர், ஏழு ஃப்ளாட்டு, அதாவது ஏழு சுரமும் அரைப்படி எறங்கும், அதுக்கு மட்டும் மனச தேத்திக்கோங்க. ஒல்லி முஸ்டோனென்னு ஒரு பியானோக்காரரு 25-யும் பதிஞ்சிருக்காரு.

ராம்நாடு_ரயிலு:
காக்கா சொன்னது சரி, ஆனா ஹாம்லின் ரொம்ப சுத்தம்யா, கஷ்டமே தெரியாம வாசிச்சா இந்த மியூசிக்ல பாதி போயிருது. ஜான் ஆக்டன் 1969-ல பதிஞ்சத கேளுங்க, எந்நேரமும் கவுந்துருமோன்னு பயமா இருக்கும், கவுறாது. நம்ம போட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கும்னு தோணுது. ரெண்டுக்கும் நடுவுல வேணும்னா ரொனால்ட் ஸ்மித், அவரு ஆல்கனுக்காகவே வாழ்ந்த மனுசன்.

போனஸா ஓபஸ் 27 கேளுங்க, பேரு ரயில் பாதை, 1844-ல வந்தது. ரயிலே அப்பத்தான் ஊருக்குள்ள வருது, அதுக்குள்ள மனுசன் பியானோல ஓட்டிட்டாரு. பாம்பன் பழைய பாலத்துல ஊந்து போன ரயில நெனச்சுக்கிட்டு கேக்காதீங்க, வலது கை நிக்கவே நிக்காது.

மண்டபம்_பெருசு:
ரயிலு கேட்டேன். இது மட்டும் பரவால்ல.

தங்கச்சிமடம்_கீபோர்டு:
காக்கா, ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் போட்டுக்குள்ள உக்காந்து நோட்ஸ போன்ல வச்சுக்கிட்டு அடாஜியோ கேட்டேன், கச்சான் காத்து இயர்போனுக்குள்ளயும் பூந்துச்சு, இருந்தும் இந்த தடவ டுட்டி எங்க சோலோ எங்கன்னு தெரிஞ்சுச்சு. மொத பாகம் இன்னும் பாதிதான் தாண்டிருக்கேன். ஆக்டன் கேட்டேன், ரயிலண்ணே சொன்ன மாதிரி பயமாத்தான் இருக்கு, ஆனா புரியுறதுக்கு ஹாம்லின்தான் லேசு.

பைத்தியக்காரி பாட்ட ஒக்காந்து பாத்தேன். 61 கட்டைல அந்த அடி சுரமெல்லாம் இல்லவே இல்ல. கீபோர்டயே ஒரு ஆக்டேவ் எறக்குனா வலது கையும் கூட எறங்கிருது. கடைசில கீபோர்ட ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்ட போட்டு எடது பக்கத்த மட்டும் எறக்குனேன், வந்துருச்சு! மொத நாலு வரி ஓட்டுறேன். சின்ன ஸ்பீக்கர்ல அடிக்கட்டை உறுமுது, அம்மா வந்து என்னப்பா கடல் எரையிற மாதிரி இருக்குன்னு கேட்டுட்டு போனாங்க. பேர நான் சொல்லல. நடுவுல வேகமெடுத்து ஏறுற எடத்துலதான் அந்த ஃபா கட்டை கால வாரி விடுது.

கீழக்கரை_காக்கா:
தம்பி, அதுக்கு கடைக்கு தூக்கிட்டு போகாதீங்க. கீழ் மூடிய கழட்டுனா கட்டைக்கு அடியில ரப்பர் பட்டை இருக்கும், அதுல கருப்பு பொட்டு பொட்டா தெரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்ச நனைச்சு லேசா தொட்டு எடுங்க, போட்டு தேச்சா கருப்பு உரிஞ்சுரும். நல்லா காஞ்ச பெறகு மாட்டுங்க. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் எடுக்காம ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயி இன்னும் டப்பாலதான் கெடக்கு.