வெள்ளைப் பட்டைகள் கொண்ட பாம்பு: கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

கேள்வி

வணக்கம். மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே, வயலை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. நேற்று இரவு மழை விட்ட பிறகு, ஒன்றரை அடி நீளமுள்ள ஒல்லியான பாம்பு ஒன்று பின்வாசல் சுவரோரமாகச் சென்றதைப் பார்த்தோம். உடல் கருமையாகத் தெரிந்தது. குறுக்கே வெண்பட்டைகள் இருந்தன. நல்ல பாம்பு, சாரை, தண்ணீர்ப்பாம்பு ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் என் தந்தையாருக்கும் இது பிடிபடவில்லை. பக்கத்து வீட்டார் கட்டுவிரியன் என்கிறார்கள். நாங்கள் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. இது எந்தப் பாம்பு என்பதை எப்படி உறுதி செய்வது?

முதல் பதில்

பட்டை இருப்பதாலேயே கட்டுவிரியன் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. சுவர்களில் பல்லி தேடித் திரியும் வெள்ளிக்கோல் வரையனும் ஏறக்குறைய இதே தோற்றம் கொண்டது. அதற்கு மனிதரைப் பாதிக்கும் நஞ்சு கிடையாது. வளர்ந்த கட்டுவிரியனுக்குப் பட்டைகள் தலையிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் தொடங்கும். வரையனுக்குக் கழுத்திலிருந்தே தொடங்கிவிடும். நீங்கள் பார்த்ததற்கு எப்படி இருந்தது?

கேட்டவர்

கழுத்திலிருந்தே இருந்தன. அப்படியானால் நஞ்சில்லாதது என்று கொள்ளலாமா?

இரண்டாம் பதில்

அந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து அப்படிக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொல்லப்பட்டது வளர்ந்த கட்டுவிரியனுக்குப் பொருந்தும். குட்டிகளுக்கு உடலின் முன்பகுதியிலும் பட்டைகள் தெளிவாகவே இருக்கும், ஒன்றரை அடி என்பதோ வளராத கட்டுவிரியனுக்கும் வளர்ந்த வரையனுக்கும் பொதுவான நீளம். எனவே பட்டை எங்கே தொடங்குகிறது என்பதைவிட, வாலை நோக்கிப் போகப் போக அது என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். வரையனின் பட்டைகள் கழுத்தருகே அகலமாகவும் வெளிர் மஞ்சள் கலந்தும் இருந்து, பின்னால் மங்கி மறைந்துவிடும். கட்டுவிரியனுக்கு வால்வரை பளிச்சென்று, பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். உடல் நிறமும் உதவும்: கட்டுவிரியன் நீலம் பாய்ந்த மினுமினுப்பான கறுப்பு, வரையன் பழுப்பு. இரவு வெளிச்சத்தில் பழுப்பும் கறுப்பாகத் தெரியும் என்பதால், கண்ணால் கண்டதைவிடப் படத்தை நம்பலாம்.

மிக உறுதியான அடையாளம் முதுகெலும்பின் மேல் இருக்கிறது. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவே ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியதாக, அறுகோண வடிவில் இருக்கும். வரையனுக்கு எல்லாச் செதில்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் இதைப் பார்ப்பதற்காக யாரும் பாம்பின் அருகே போகக் கூடாது. தொலைவிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வரையன் இனத்திலேயே கறுப்பு உடலும் வெண்பட்டைகளும் கொண்ட வேறொரு வகையும் நம் பக்கத்து வறண்ட நிலங்களில் உண்டு. அதைக் கட்டுவிரியனிலிருந்து பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

கேட்டவர்

என் தம்பி கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உடல் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது. பின்பாதியில் பட்டையே தெரியவில்லை. முதுகில் தனியாகப் பெரிய செதில் வரிசை எதுவும் இல்லை. சொல்ல விட்டுப்போன ஒன்று: அது செங்குத்தான சுவரில் ஏறி மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

இரண்டாம் பதில் எழுதியவர்

எல்லாம் வெள்ளிக்கோல் வரையனையே காட்டுகின்றன. சொரசொரப்பான சுவரில் ஏறுவது அதற்குக் கைவந்த கலை. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு திரிவது. அதை அடிக்க வேண்டாம், பல்லிகளைத் தின்றுவிட்டுத் தானே போய்விடும். பெட்டிக்குப் பின்னால் கைவிடவோ குச்சியால் குத்தவோ வேண்டாம்.

மூன்றாம் பதில்

அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இந்தப் பாம்பு வரையனாகவே இருந்தாலும், வயலோரத்து வீட்டுக்குக் கட்டுவிரியனும் வரக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவர்களையே கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. பல் தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, பிறகு இமைகள் தாமாகச் சரியத் தொடங்கினால், அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு வந்து சேர்பவர்களைக் காப்பாற்ற முடிகிறது. கடிபட்ட இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக் கொண்டுவரவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் கொடுக்கிறோம்.

கட்டில் வாங்கும்வரை, பாயைச் சுவரிலிருந்து தள்ளி விரித்து, கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். குழந்தைக்கு இதை இன்றிரவே செய்துவிடுங்கள்.