ஷவர் வால்வு ஜாயிண்ட் கசிவு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு 1998-ல் கட்டியது. தண்ணீர் லைன் முழுக்க ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். குளியலறைச் சுவருக்கு மறுபுறம்தான் பூஜை அலமாரி. ஐப்பசி மழை என்று நினைத்துச் சுவர் ஈரத்தை இரண்டு மாதம் விட்டுவிட்டோம். தை பிறந்த பிறகும் காயவில்லை. அம்மாதான் ஒரு நாள் அலமாரிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்து, "பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிக்குதுடா" என்றார்கள்.

டைல்ஸை உடைத்துப் பார்த்தால், சுவருக்குள் பதித்த ஷவர் வால்வின் கீழ் மரையில் கசிவு. வேகமாகச் சொட்டவில்லை. மரை ஓரத்தில் ஒரு துளி மெல்ல உருண்டு திரண்டு, பைப் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பாதை முழுவதும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த உப்பைப் பார்த்ததும் இது ரொம்ப நாள் கசிவு என்று புரிந்துவிட்டது.

முதலில் வந்தவர் வால்வைக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றி, ரெஞ்சு போட்டு இறுக்கினார். மறுநாள் காலை அதே இடத்தில் துளி. திரும்ப வந்தார், இன்னும் நிறைய டேப் சுற்றினார், இன்னும் பலமாக இறுக்கினார். திரும்பவும் துளி. டேப் மட்டம், வால்வு மட்டம் என்று இரண்டையும் குறை சொன்னார். நானும் நம்பி லாரன்ஸ் ரோட்டில் புது வால்வே வாங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவது முறை, பக்கத்துத் தெரு மேஸ்திரி ஒரு பெரியவரை அனுப்பி வைத்தார். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அவரு இறுக்கினப்புறம் கைப்பிடிய முன்பக்கம் பாக்க வைக்க, வால்வ கொஞ்சம் பின்னால திருப்புனாரா?"

ஆமாம், திருப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறுக்கிய வேகத்தில் வால்வின் முகம் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கைப்பிடி வெளியே வர வேண்டுமே என்று, ஒரு விரல் அளவு பின்னால் கொண்டுவந்து நேராக்கினார். இரண்டு முறையும் அதேதான்.

மரை தானாகத் தண்ணீரைத் தடுக்காது. அரை அங்குல பைப்பில் ஒரு அங்குல நீளத்துக்கு 14 மரை. இறுக்கிய பிறகும் அவற்றின் நடுவே மெல்லிய இடைவெளி சுருளாக உள்ளிருந்து வெளிவரை ஓடுகிறது. டேப்பும் சணலும் அந்தச் சுருளைத்தான் அடைக்கின்றன. இறுக்கும்போது டேப் நசுங்கி அந்த இடத்தில் போய் உட்காரும். பின்னால் திருப்பினால் உட்கார்ந்தது விலகிவிடும். டேப்புக்கு மறுபடி உப்பிக்கொண்டு வந்து அடைக்கும் குணம் கிடையாது. அதனால் இரண்டு முறை கசிந்ததற்கு டேப்பையோ வால்வையோ குறை சொல்ல முடியாது. பழைய வால்வு இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரியவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். கம்பி பிரஷ் வைத்து மரையிலிருந்த பழைய டேப் நார்களைச் சுத்தமாக எடுத்தார். இடுக்கில் சிக்கியதை ஊசியால் நெம்பினார். இதற்கே கால் மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு எதுவும் சுற்றாமல் வால்வைக் கையால் திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது, அப்போது முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டார். ஹாக்சா பிளேடால் மரையின் மேல் விளிம்பை லேசாகக் கீறினார், சணல் வழுக்காமல் பிடிக்க. சணல் நூலைப் பிரித்து, மரையின் முனை தன்னைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்றி, மேலே மரை அடைக்கும் பேஸ்ட் தடவினார். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். முனையில் ஒரு மரையைக் காலியாக விட்டார். அங்கே சுற்றினால் நார் உள்ளே போய் ஷவர் துளைகளை அடைக்குமாம்.

அப்புறம் இறுக்கினார். முகம் நேராக வர அரைச் சுற்று இருக்கும்போதே ரெஞ்சு கனத்துவிட்டது. விட்டுப் பிடித்து, நேராக வந்ததும் நிறுத்திவிட்டார். "தாண்டிப் போச்சுன்னா முழுசா கழட்டி மறுபடி சுத்தணும் தம்பி. பாதியில திருப்பிக் கொண்டாரக் கூடாது" என்றார். சணலும் பேஸ்டும் என்றால் கொஞ்சம் பின்னால் வந்தாலும் தாங்கும் என்றும் அவரே சொன்னார். ஆனாலும் அவர் அதைச் செய்யவில்லை.

—

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, உங்கள் பதிவைப் பார்த்து என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் ஷவர் ஓடும்போது மட்டும் சுவர் ஓரம் ஈரமாகும், மூடினால் காய்ந்துவிடும். வால்வுக்குக் கீழே உள்ள ஜாயிண்டில் எப்போதும் தண்ணீர் அழுத்தம் இருக்கும், மேலே உள்ளதில் திறந்தால்தான் இருக்கும். அதனால் கசிவு மேலேதான் என்று உடைக்காமலே தெரிந்துவிட்டது. நான்கு டைல்ஸ் பிழைத்தது. எங்களுடையது சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப். மேலே பித்தளை மரையை மாட்டியிருந்த பிளாஸ்டிக் கப்ளிங்கில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். ஜிஐ பைப்பை இறுக்குகிற பழக்கத்தில் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கின் உள்மரையில் இரும்போ பித்தளையோ ஏறினால் ஆப்பு அடித்த மாதிரி பிளந்துவிடும். உள்ளே பித்தளை வைத்த கப்ளிங் போட்டு மாற்றினோம். சணல், பேஸ்ட் எதுவும் வேண்டாம், டேப் மட்டும் போதும் என்றார் பிளம்பர். எண்ணெய் கலந்த சில பேஸ்ட் சிபிவிசியை விரிசல் விட வைக்குமாம்.

—

கடலூர் முதுநகரிலிருந்து: பழைய ஜிஐ லைன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வால்வை இறுக்கும்போது கீழே உள்ள பைப்பை இன்னொரு ரெஞ்சால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பிடிக்கவில்லை. மேலே திருகிய விசை கீழே போய், தரையோரம் துருப்பிடித்திருந்த எல்போ (பைப் வளையும் இடத்து இணைப்பு) மரையோடு முறிந்துவிட்டது. ஒரு ஜாயிண்டுக்காக ஆரம்பித்த வேலை, அந்தச் சுவர் லைன் முழுவதையும் மாற்றுவதில் முடிந்தது.

—

மஞ்சக்குப்பம், திரும்பவும் நான்தான்: இரண்டு ரெஞ்சு விஷயம் ரொம்ப முக்கியம். எங்கள் பெரியவரும் பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் திருகினார், எழுத விட்டுப்போனது. ஷவர் வரும் இடத்தில் எண்ட் பிளக் போட்டு மூடி, வால்வைத் திறந்தே வைத்திருக்கிறோம், மேல் ஜாயிண்டும் சோதனையில் சேரட்டும் என்று. டேங்க் உயரம் 5 மீட்டர்தான், அரை கிலோ பிரஷர் தேறும். மெல்லிய கசிவு அதில் உடனே தெரியாது. அதனால் இரண்டு ஜாயிண்டின் அடியிலும் தினசரித்தாளைக் கிழித்துச் செருகியிருக்கிறேன். ஒரு சொட்டு விழுந்தாலும் மை கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு நாள் ஆகிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. டைல்ஸ் ஒட்ட வியாழக்கிழமை ஆள் வருகிறார். அதுவரை பேப்பரை எடுக்கப்போவதில்லை.