பதில்: ஃபுல்ஃபில்மென்டுக்குத் தமிழ் – ‘கைசேர்ப்பு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பகலெல்லாம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடுகிறது, அதனால்தான் தாமதம். இணையக்கடை மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘ஆர்டர் ஃபுல்ஃபில்மென்ட்’, அதாவது ஆர்டர் வந்ததும் பொருளைக் கட்டி, அனுப்பி, வாங்கியவர் கையில் சேர்க்கும் வேலை முழுவதையும், எப்படிச் சொல்வது என்பது எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. சிங்கப்பூர்த் தேக்காவில் எங்கள் கடை மாடியில் நான் தினமும் பார்க்கிற வேலை அது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வரும் பித்தளை விளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன.

> ‘நிறைவேற்றம்’ ஏற்கெனவே புழங்குகிறதே, புதுச்சொல் எதற்கு?

சொல்கிறேன் ஐயா. போன ஆண்டு டொராண்டோவுக்கு ஒன்றரை அடிக் குத்துவிளக்கு ஒன்று அனுப்பினேன். தட்டுக்கு ஒரு சுற்று, உச்சியில் இருக்கும் அன்னத்துக்கு மட்டும் மூன்று சுற்று குமிழித்தாள். பெட்டி 60, 25, 25 சென்டிமீட்டர். கூரியர்க்காரர்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுவார்கள்: மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.5. விளக்கின் எடை ஐந்து கிலோதான், ஆனால் கூரியர்க் கணக்கில் ஏழரை கிலோ. ஏழரை அப்போதே பிடித்துவிட்டது.

பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்றே திரையில் பச்சையில் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று வந்துவிட்டது. அங்கே வாங்கிய அம்மாவிடம் வரியும், அதை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியரின் கட்டணமும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். இங்கிருந்து கனடா போகும் பொருள் 20 கனடா டாலரைத் தாண்டினாலே வரிக் கணக்கு தொடங்கிவிடும். ‘காசெல்லாம் முதலிலேயே கட்டிவிட்டேனே’ என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து விளக்கு என் வாசலுக்கே திரும்பி வந்தது, அன்னத்தின் கழுத்து ஒடிந்து. அப்போதும் திரையில் பச்சைதான்!

என்ன நிறைவேறியது? தீர்மானம் நிறைவேறும், நேர்த்திக்கடன் நிறைவேறும். இந்தச் சொல் முடிவை மட்டும் சொல்கிறது, அதற்குமுன் நாம் படும் பாட்டைச் சொல்லவில்லை.

> அப்படியானால் ‘அனுப்புகை’ போதுமே?

பாதி வேலைக்குத்தான் போதும். அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்கிற காலம் மலையேறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வரிவிலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. நம் சிங்கப்பூரிலேயே 2023 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, அதுவும் விற்கும் இடத்திலேயே. மறு ஆண்டு மலேசியா 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 10 விழுக்காடு போட்டது. 2025 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் 800 டாலர் வரையிலான வரிச் சலுகையும் போயிற்று. எல்லையில் இருந்த வரிக் கணக்கு மெல்ல மெல்ல விற்பவரின் மேசைக்கு வந்துவிட்டது. சுங்கம் தவிர்த்த சோழன் காலத்தில் கடை போட்டிருக்க வேண்டும் நான்!

சுங்கப் படிவமும் அப்படித்தான். அதே குத்துவிளக்கை ‘விளக்கு’ என்று எழுதினால் 9405 என்ற சுங்க வகை எண்ணில் போகும், ‘அலங்காரப் பொருள்’ என்றால் 8306. எண் மாறினால் வரியும் மாறலாம். திரி போட்டு ஏற்றுவதை விளக்கு என்றுதான் எழுதுவேன், அது வேறு விஷயம். இந்த எண் தேடுவதும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கும். ‘அனுப்புகை’யில் அடங்காது.

‘ஒப்பேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணம் சரி. ஆனால் ‘ஏதோ ஒப்பேத்திட்டான்’ என்று நாம் எதைச் சொல்வோம்? அந்தப் பெயரில் கட்டணம் வாங்க முடியாது. பட்டினப்பாலையில் சரக்குக்குப் புலி முத்திரை குத்திப் ‘புறம்போக்கி’ என்று வருகிறது, அதை எடுக்கலாம் என்றவருக்கு என் வணக்கம். அழகான இடம்தான். ஆனால் வாடிக்கையாளருக்கு ‘உங்கள் பொருள் புறம்போக்கு’ என்று செய்தி போனால் கடையை மூடவேண்டியதுதான்.

என் பரிந்துரை ‘கைசேர்ப்பு’. ‘கடிதம் கை சேர்ந்ததா?’ என்று கேட்கிறோம் இல்லையா, அதிலிருந்து எடுத்தேன். விற்பவர் சேர்க்கிறார், பொருள் சேர்கிறது. இரண்டு வினையும் ஒரே வேரில் இருப்பதால் திரையில் ‘கைசேர்ப்பில்’ என்று ஒரு நிலை, ‘கைசேர்ந்தது’ என்று இன்னொரு நிலை வைக்கலாம். கிடங்கு ‘கைசேர்ப்பு மையம்’. திரும்பி வந்த என் விளக்கு ‘கைசேராப் பொதி’. விற்பவரே வரி கட்டினால் ‘வரி கட்டிய கைசேர்ப்பு’, வாங்குபவர் தலையில் விழுந்தால் ‘வரி கட்டாக் கைசேர்ப்பு’. டொராண்டோ அம்மாவுக்கு இந்த ஒரு வரி முதலிலேயே தெரிந்திருந்தால் அன்னம் பிழைத்திருக்கும்.

‘ஆர்டர்’ என்பதை ஆர்டராகவே விடலாம் என்பது என் கட்சி. இலங்கை நண்பர்கள் ‘கட்டளை’ என்பார்கள், சண்டைக்கு வரவேண்டாம்.

––––

> தங்கச்சி, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் ‘கைசேதம்’ என்றால் நட்டம், வருத்தம். ‘கைசே’ என்று தொடங்கியதுமே எங்கள் அத்தாவுக்கு அதுதான் காதில் விழும். பினாங்கில் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், யோசியுங்கள்.

அண்ணன், இது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்றிரவு நாலைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘கைசேர்ப்பு மையம்’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் வரவில்லை. தனியாக ‘கைசேரா’ என்று நின்றால் நீங்கள் சொல்வது போலத்தான் இருக்கிறது. அதை மட்டும் ‘திரும்பிய பொதி’ என்று மாற்றிவிடுகிறேன், அது இன்னும் எளிது. மற்றதை அத்தாவிடமே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், முகம் சுளித்தால் எழுதுங்கள்.

நாளை பெர்த்துக்கு ஒரு தாம்பாளம் போகிறது. அதன் சீட்டில் ‘கைசேர்ப்பில்’ என்று அடித்து, எங்கள் கடைப் பையன் என்ன சொல்கிறான் என்று பார்க்கிறேன்.