எண்ணெய் உறையும் ஊரில் சொக்லேட்

எல்லவிலிருந்து

இலங்கை மலைநாட்டு எல்ல என்ற ஊரில் ஒரு சின்ன விடுதியில் சமைக்கிறேன், இது ஏழாவது வருஷம். வெள்ளைக்காரர்கள் 'வீகன்' என்று கேட்டால் எனக்குப் பயமில்லை. பால், நெய், முட்டை, தேன் இல்லாமல் சமைப்பது நமக்கென்ன புதுசா? மாசிக் கருவாடு போடாத தேங்காய்ச் சம்பல், பருப்பு, ஒரு மரக்கறி வைத்தால் தட்டு காலியாகிவிடும். போன மார்கழியில் வந்த ஒரு ஜோடிதான் என்னைத் தடுமாற வைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொக்லேட் இனிப்பு வேண்டுமாம். அது வீகனாக மட்டும் இருந்தால் போதாதாம், 'ரோ'வாகவும் இருக்க வேண்டுமாம். அடுப்பேற்றாதது என்று அர்த்தம். 42 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு காட்டக் கூடாது என்றார்கள். வேறு சிலர் 48 வரை விடுவார்களாம். அடுப்பில்லாமல் எனக்குத் தெரிந்த இனிப்பு ஒன்றே ஒன்று: பட்டர் ஃப்ரூட்டை மசித்து டின்பால் ஊற்றுவது. டின்பாலை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பழம்.

சரி, பார்ப்போம் என்று இறங்கினேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிரில் பாதி உறைந்து கிடந்தது. கை பொறுக்கும் வெந்நீரில் போத்தலை நிறுத்தி உருக்கி, கொக்கோத் தூளைப் போட்டுக் கலக்கினேன். கறுப்பாக, மினுமினுப்பாக, கரண்டியிலிருந்து நூல் மாதிரி இறங்கியது. 'இவ்வளவுதானா' என்று நினைத்துக்கொண்டு தட்டிலிருந்த கித்துல் மரத்து இனிப்புப் பாணியை எடுத்து ஊற்றினேன். இரண்டு சுற்றுத்தான் கிண்டியிருப்பேன். மழையில் நனைந்த மண்ணைப் பிடித்து வைத்த மாதிரி எல்லாம் ஒரே கட்டி. எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கிறது, நடுவில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பாணியில் தண்ணீர் இருக்கிறது. எண்ணெயில் மிதக்கிற கொக்கோத் தூள் அந்தக் கொஞ்சத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயை வெளியே தள்ளிவிடுகிறது. அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. கொட்ட மனமில்லாமல், வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்த கட்டித் தேங்காய்ப்பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிண்டினேன். நாலாவது கரண்டியில் கட்டி இளகியது. ஐந்தாவதில் வழுவழுவென்று கிரீம் மாதிரி திரும்பி வந்துவிட்டது. மசித்த பட்டர் ஃப்ரூட்டோடு அதைச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கிண்ணத்தில் வைத்தேன். வழித்துச் சாப்பிட்டார்கள்.

அப்புறம் அந்தப் பெண் கேட்டாள், இந்தப் பாணி ரோவா என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. கித்துல் பூவிலிருந்து இறக்கின தெளுவை மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால்தான் அது பாணி என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே மற்றதும் உறைத்தது. கடையில் விற்கிற கொக்கோத் தூள் வறுத்த கொட்டையில் அரைத்தது. மேலே தூவின கஜுவும் பச்சை கிடையாது. அதன் ஓட்டிலிருக்கிற எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும் என்பதால் உடைக்கும் முன்பே அவிக்கிறார்கள், இல்லாவிட்டால் சுடுகிறார்கள். எண்ணெயும் சாதாரணச் செக்கெண்ணெய், கொப்பரையை எப்படிக் காய வைத்தார்களோ. கடைசியில் அந்தக் கிண்ணத்தில் உண்மையிலேயே ரோவாக இருந்தது பட்டர் ஃப்ரூட்டும் தேங்காய்ப்பாலும்தான். அவள் சிரித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

இப்போது விடுதிப் பலகையில் 'அடுப்பேற்றாத சொக்லேட்' என்றுதான் எழுதி வைக்கிறேன். நன்றாகப் பழுத்த ஒரு பட்டர் ஃப்ரூட்டுக்கு 3 மேசைக்கரண்டி கொக்கோத் தூள், 3 பாணி, 2 கட்டிப்பால். தூளைப் பாலில் முதலில் குழைத்துவிட்டுத்தான் பழத்தில் சேர்ப்பேன், அப்போது கட்டி தட்டாது. பாணியே வேண்டாம் என்பவர்களுக்குப் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்து ஊற்றுகிறேன். தேங்காய்ப்பால் சேர்ந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். நம்மூர்க் குளிரை நம்பி மறுநாளைக்கு வைத்தேன் ஒரு தடவை, மூடியைத் திறக்கும்போதே புளித்த வாடை.

நீங்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள். கெட்டுப் போன கதைதான் எனக்கு இன்னும் உதவும்.

நுவரெலியாவிலிருந்து

அக்கா, எங்கள் வீடு வீகன் ஆனது 2022இல். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, பொருளாதார நெருக்கடியில் கடையில் பால்மா இல்லை. சமையல் காஸும் இல்லை. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் போனது ஞாபகமிருக்கும். சின்னவனுக்குச் சித்திரையில் பிறந்தநாள். கேக் எங்கே போடுவது? நோன்பு மாதமென்று பக்கத்து வீட்டு ராத்தா ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்திருந்தார். வீட்டில் ஒரு பிடி கஜு, பழைய கொக்கோத் தூள் டின், தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான்.

பிளெண்டருக்குக் கரண்ட் இல்லாததால் அம்மிதான். அதிலும் ஒரு வேடிக்கை. 1,868 மீற்றர் உயரத்தில் விடியக்காலை அம்மிக்கல் ஐஸ் மாதிரி இருக்கும். எண்ணெய் விட்டு அரைக்க அரைக்க, கல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் உறைந்து மெழுகாய் ஒட்டிக்கொண்டது. குழவி வழுக்குகிறதே தவிர அரைபடவில்லை. மாமி வந்து பார்த்துவிட்டு, விறகடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்திருந்த சுடுதண்ணீரைக் கல்மேல் ஊற்றி, துணியால் ஈரமில்லாமல் துடைத்துக் கொடுத்தார். கல் சூடானதும் பத்து நிமிஷத்தில் அரைபட்டது. உருண்டை பிடித்து, மேலே எண்ணெயில் குழைத்த கொக்கோவை ஊற்றி, இரவு ஜன்னலோரம் தட்டை வைத்தேன். காலையில் தட்டினால் டக் டக் என்று சத்தம். ஃப்ரிட்ஜ் வேலை செய்யாத குறையே தெரியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயைக் குறுகின வாய்ப் போத்தலில் வைக்கவே கூடாது. 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும், இங்கே வருஷம் முழுக்க அதுதான் நிலைமை. பழைய ஜாம் போத்தலில் ஊற்றி வையுங்கள், கரண்டியால் வெட்டி எடுக்கலாம்.

ஹட்டன், இப்போது கொழும்பில்

ஜன்னலோரத்தில் உறைந்ததைக் கீழே கொண்டு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது அம்மா இதே மாதிரி தேங்காய் எண்ணெய்ச் சொக்லேட் செய்து, லஞ்ச் ஷீட்டில் சுற்றித் தந்தார். ரயிலில் ஏறி நாவலப்பிட்டி வரைக்கும் கல்லு மாதிரி இருந்தது. கம்பளையில் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. கடுகண்ணாவ மலைச்சரிவு இறங்கி ரம்புக்கனை வந்தபோது பையின் அடியிலிருந்து சொட்டுகிறது. மடியில் வைத்திருந்தேன், வெள்ளைக் கால்சட்டை. கொழும்புக் கோட்டையில் இறங்கி நடந்த நடையை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு கொக்கோ பட்டர் தேடினேன். பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் சின்னப் பக்கெட் கிடைத்தது, விலையைப் பார்த்து அம்மாவிடம் சொல்லவில்லை. அது உருகுவது 34 பாகை அளவில், கொழும்பு நிழலில் தாங்கும். ஆனால் சும்மா உருக்கி ஊற்றினால் வெளுத்த கோடு விழுந்து, உடைத்தால் பிசுபிசுவென்று பிய்யும். கொக்கோ பட்டர் ஆறு விதமாக உறையக் கூடியதாம், அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் சொடக்கென்று உடைகிற குணமும் தரும். உருக்கி, கிண்டிக்கொண்டே 27 பாகைக்கு ஆற வைத்து, மறுபடி 31க்கு ஏற்றி ஊற்ற வேண்டும். 42ஐத் தாண்டாமலே அது உருகிவிடும், உருக்குகிற சூட்டில் ரோ ஆட்களுக்கும் பிரச்சினையில்லை. தெர்மோமீட்டர் இல்லாவிட்டால் கீழுதட்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சூடும் தெரியாமல் லேசாகக் குளிர்ந்தால் சரி. இனிப்புக்குப் பாணி ஊற்றாதீர்கள், அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும். கித்துல் கருப்பட்டியைப் பொடித்துச் சலித்துப் போடுகிறேன். கொஞ்சம் நறநறக்கும், எனக்கு அது பிடிக்கும்.

பண்டாரவளையிலிருந்து

மகளுக்குப் பால் ஒவ்வாமை. சுருக்கமாகச் சொல்கிறேன்: டின்னில் 'சொக்லேட் பானம்' என்று போட்டிருப்பதும் கொக்கோத் தூளும் ஒன்றில்லை. பானத் தூளில் பெரும்பாலும் பால்மாவும் சீனியும் கலந்திருக்கும். ஒரு தடவை அவசரத்தில் மாறி எடுத்துவிட்டேன், இரவு முழுக்கப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. உள்ளே என்ன இருக்கிறதென்று டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும்போது கஜு சேர்த்திருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாத்தளையிலிருந்து

தங்கச்சி, எல்லாரும் தூளைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் காயைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொக்கோதான். காப்பிக்கு 1869இல் நோய் வந்து அழிந்த பிறகு துரைமார் போட்டுப் பார்த்த பயிர்களில் இதுவும் ஒன்று. தேயிலை மேலே போனது, இது எங்கள் பக்கத்துச் சூட்டில் நின்றுகொண்டது. இப்போது எங்கள் வளவில் பதினேழு மரம் நிற்கிறது. அணிலும் குரங்கும் தின்று மிச்சம் வைத்ததுதான் நமக்கு.

சின்ன வயதில் காயை உடைத்தால் உள்ளே கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். ரம்புட்டான் மாதிரிப் புளிப்பும் இனிப்பும். அப்பா கண்டால் ஏச்சுத்தான். ஏனென்றால் அந்தச் சதைதான் கொட்டையைப் புளிக்க வைப்பது. சதையில்லாத கொட்டை புளிக்காது, புளிக்காததில் சொக்லேட் வாசனை வராது, என்ன வறுத்தாலும் கசப்பும் துவர்ப்பும்தான். வாழையிலை விரித்த பெட்டியில் கொட்டி, மூடி, இடையிடையே புரட்டி ஐந்தாறு நாள் விடுவோம். மூன்றாம் நாள் உள்ளே கை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றியை விடச் சூடு. 45, 50 பாகைக்குப் போகும். உங்கள் விருந்தாளி சொன்ன 42 எங்கள் முற்றத்திலேயே தாண்டிவிட்டது, பாருங்கள்.

அப்புறம் சாக்கு விரித்து ஒரு கிழமை வெயிலில் காயப் போடுவோம். மேலே கோழி நடக்கும். நாய் படுத்து எழும்பும். யாராவது வரும்போது விரட்டுவோம், வராதபோது யார் பார்க்கிறது? நான் வறுக்காத கொட்டையைத் தின்ன மாட்டேன் என்பதற்கு அதுதான் காரணம். கோழி எச்சத்தில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். கொட்டை காய்ந்ததும் அது செத்துவிடாது, வறுக்கிற சூட்டில்தான் சாகும். பெரிய கம்பெனிக்காரன் வறுக்கிறது ருசிக்கு மட்டுமில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் முற்றத்தில் காயாத, மேசை மேல் வலை போட்டுக் காய வைத்த கொட்டையை வாங்குங்கள். இரண்டு கிலோ தருகிறேன், பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.

எல்லவிலிருந்து, மறுபடி

மாத்தளை அண்ணா, சாக்குப் பை வந்து சேர்ந்தது, காசு வாங்க மாட்டேன் என்றது சரியில்லை. அண்ணியிடம் பேசிக்கொள்கிறேன்.

பாதியை வறுக்காமல் உடைத்தேன். தோல் கழன்று வரவே மாட்டேன் என்கிறது. நகத்தால் கீறி, ஒவ்வொரு கொட்டையாக உரித்து, ஒரு கப் சேர இரண்டு மணித்தியாலம் போனது. பெருவிரல் நகத்துக்குள் ஊதா நிறம் ஏறி மூன்று நாள் போகவில்லை. மற்றப் பாதியை இரும்புச் சட்டியில் சின்ன நெருப்பில் வறுத்தேன். பட் பட்டென்று வெடித்ததும் இறக்கி, சுளகில் போட்டுக் கையால் கசக்கிப் புடைத்தேன், தோல் தானாகப் பறந்தது. கால் மணி நேர வேலை. இரண்டையும் சூடாக்கின அம்மியில் தனித்தனியாக அரைத்தேன் (நுவரெலியாத் தங்கச்சி, மாமிக்கு என் கும்பிடு). கொட்டையில் பாதி கொழுப்பு என்பார்களே, அது அம்மியில்தான் தெரிந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விடாமலே அரைக்க அரைக்க இளகி வழிந்தது.

வறுத்ததில் கருப்பட்டி போட்டுச் செய்த துண்டுகளை வேலை செய்கிற பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். வறுக்காதது புளிப்பாக, பழ வாசனையோடு வேறு மாதிரி இருக்கிறது, கெட்டதென்று சொல்ல முடியாது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி. அரைப் போத்தல் அப்படியே தட்டில் இருக்கிறது. எடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணா வீட்டுக் கோழிதான் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.