அப்பலாச்சியன் டிரெயில்: ஹேமக்குக்கு அடியில் என்ன கட்டுவது?

வணக்கம் நண்பர்களே. மார்ச் நடுவில் அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயிலில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்குகிறேன். தரையில் படுத்தால் இடுப்பு வலி, அதனால் மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக்தான். குளிர்தான் கவலை.

ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதுகுக்கு அடியில் நசுங்கிவிடுகிறது. கீழே ஓடும் காற்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஹேமக்கின் அடியில் வெளிப்புறமாகத் தொங்கும் மெத்தைப் போர்வையான அண்டர்குயில்ட் நசுங்காது என்பதால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நண்பருடையதை வாங்கித் தோட்டத்தில் கட்டிப் பார்த்தேன். கால்மாட்டில் இரண்டு விரல் இடைவெளி விழுந்ததும் அங்கே மட்டும் சில்லென்று ஏறியது. இதை எப்படி இழுத்துக் கட்டுகிறீர்கள்?

அப்புறம், கிரேட் ஸ்மோக்கி மலைகளில் ஷெல்டரில்தான் (பாதையோரப் பொதுத் தங்குமிடம்) தங்க வேண்டும், அது நிரம்பினால்தான் வெளியே. பாதை 2,000 மீட்டரைத் தாண்டுவதும் அங்கேதான்; ஏப்ரலிலும் பனி விழும். ஷெல்டர் பலகையில் படுத்தால் அண்டர்குயில்ட் நசுங்கிவிடும், உதவாது. ஸ்மோக்கியில் உள்ள அந்தச் சுமார் 115 கி.மீ.க்காக ஒரு ஃபோம் பேடையும் (விரித்துப் படுக்கும் நுரைப் பாய்) சுமக்கலாமா, இல்லை முழுப் பயணத்துக்கும் பேடே போதுமா?

தொடர் மழையில் டவுன் (உள்ளே அடைக்கும் மென்மையான பறவைத் தூவி) நனைந்தால் உப்பல் போய்விடும். எடை கூடினாலும் பரவாயில்லை என்று சிந்தெடிக் (செயற்கை இழை) அண்டர்குயில்ட் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை டிகிரி குளிர் வரை தாங்குவதை எடுத்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.